டச்சுக்காரங்க கல்யாணத்துல கிளாஸைத் தூக்கி என்ன சொல்றது? "ப்ரோஸ்ட்" மட்டும் போதுமா?

ஐந்தோவன்_புதுசு

வணக்கம் மக்களே, நெதர்லாந்துல ரொம்ப நாளா இருக்குறவங்க கொஞ்சம் கை கொடுங்க. நான் ஐந்தோவன்ல வேலை பாக்குறேன், வந்து இன்னும் ரொம்ப நாள் ஆகல, டச்சு கடைல சாமான் வாங்குற அளவுக்குத்தான் வரும். எங்க டீம்ல ஒரு டச்சு பையனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். டீம் மொத்தத்தையும் சாயங்காலம் பார்ட்டிக்கு மட்டும் கூப்பிட்டிருக்கான். இதுல என்ன கூத்துன்னா, டீம் சார்பா நீதான் டோஸ்ட் சொல்லணும், அதுவும் டச்சுல சொல்லணும்னு எல்லாரும் சேந்து என் தலைல கட்டிட்டாங்க, சும்மா ஜாலிக்குத்தான், ஆனா நான் சரின்னு தலையாட்டிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல எல்லாரும் ப்ரோஸ்ட் ப்ரோஸ்ட்னு சொல்றதக் கேட்டிருக்கேன், அதைத் தாண்டி ஒண்ணும் தெரியாது. என் சந்தேகம் எல்லாம் இதுதான்: கல்யாணத்துலயும் ப்ரோஸ்ட்டேதானா இல்ல அதுக்குன்னு தனியா ஏதாவது இருக்கா? எவ்ளோ நேரம் பேசணும்? அப்புறம் நான் குடிக்க மாட்டேன், ஜூஸ வச்சுக்கிட்டு டோஸ்ட் சொன்னா தப்பா எடுத்துப்பாங்களா? கண்ணைப் பாத்துதான் சொல்லணும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, அது உண்மையா?

உத்ரெக்ட்_அக்கா

தம்பி, மொதல்ல பயத்தை விடுங்க. டச்சுக்காரங்க டோஸ்ட்ல பெருசா எதிர்பாக்குறதே கிடையாது. ஒரு வார்த்தை, ஒரு பார்வை, ஒரு வாய் குடி, அவ்வளவுதான். ஆனா நீங்க கேட்டது கல்யாணம்ங்குறதால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

இங்க கல்யாணத்துல விருந்தாளிங்க ரெண்டு வகை. பகல்லேர்ந்து கூடவே இருக்குறவங்க ஒரு கூட்டம், அது சொந்தக்காரங்களும் நெருங்கின நண்பர்களும். சாயங்காலம் பார்ட்டிக்கு மட்டும் வர்றவங்க இன்னொரு கூட்டம், ஆபீஸ் ஆளுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் இதுலதான் வருவாங்க. உங்களக் குறைச்சுக் கூப்பிட்டதா நெனைச்சுக்காதீங்க, இங்க அதுதான் வழக்கம். பெரிய டோஸ்ட் பெரும்பாலும் மத்தியானமே முடிஞ்சிரும், சடங்கு முடிஞ்ச கையோட கேக் வெட்டி, ஆளுக்கொரு கிளாஸ் பபுள்ஸ் (நுரைக்கிற ஒயின்) கொடுத்து, பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சொல்லி குடிப்பாங்க. அதனால சாயங்காலம் நீங்க போறப்போ அந்த கெட்டியான சீன் எல்லாம் இருக்காது, மியூசிக், டான்ஸ், கையில பீர், அதுக்கு நடுவுலதான் உங்க டோஸ்ட்.

இப்ப முக்கியமான விஷயம். நீங்களா போய் மைக்கைப் பிடிக்கக் கூடாது. பெரும்பாலான கல்யாணத்துல "சேரமோனிமேஸ்டர்"னு ஒருத்தர் இருப்பாரு, மாப்பிள்ளையோட அண்ணனோ பொண்ணோட தோழியோ, அன்னிக்கு முழுக்க எது எப்போ நடக்கணும்னு பாத்துக்குறது அவங்க வேலை. இன்விடேஷன் கார்டுலயே அவங்க மெயிலோ போன் நம்பரோ போட்டிருப்பாங்க, பாருங்க. அவங்களுக்கு ஒரு மெயில் தட்டுங்க, "டீம் சார்பா ஒரு நிமிஷம் பேசணும்"னு. அவங்களே நேரம் ஒதுக்கி உங்களக் கூப்பிடுவாங்க. இதச் செய்யாம திடீர்னு கரண்டியால கிளாஸைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்குனா, அந்த நேரத்துல வேற யாராவது ஸ்கிட் போட ரெடியா நின்னுக்கிட்டு இருப்பாங்க, சங்கடம்.

பேச வேண்டியது இவ்ளோதான், அப்படியே எழுதி வச்சுக்கோங்க:

"லீவெ (பொண்ணு பேர்) என் (மாப்பிள்ளை பேர்), நாமன்ஸ் ஹெத் ஹேலெ டீம், ஹெஃபேலிசிட்டேர்ட்! வெய் வென்ஸன் யூலி ஃபேல் ஹெலுக். ப்ரோஸ்ட், ஒப் யூலி!"

அன்புள்ள இன்னாருக்கும் இன்னாருக்கும், டீம் சார்பா வாழ்த்துக்கள், நல்லா இருக்கணும், உங்களுக்காகன்னு அர்த்தம். கடைசி "ஒப் யூலி"க்கு எல்லாரும் சேந்து "ஒப் யூலி"ன்னு திருப்பிச் சொல்லி குடிப்பாங்க. கொஞ்சம் மரியாதையா இருக்கணும்னா "ஒப் ஹெத் ப்ரௌட்ஸ்பார்"னு சொல்லலாம், மணமக்களுக்காகன்னு. ஆனா அந்த "ப்ரௌட்ஸ்"ல நடுவுல வர்ற சத்தம் நம்ம வாய்க்கு லேசுல வராது, வேண்டாம்.

பேச்சு முடிஞ்சதும் பொண்ணு மாப்பிள்ளையோட அப்பா அம்மாவையும் தேடிப் போய் "ஹெஃபேலிசிட்டேர்ட்" சொல்லிடுங்க. இங்க விசேஷம் யாருக்கோ அவங்களுக்கு மட்டும் வாழ்த்து சொல்லி நிறுத்த மாட்டாங்க, பொறந்தநாள் பார்ட்டின்னா வட்டமா உக்காந்திருக்குற பாட்டி தாத்தா வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா கை கொடுத்து வாழ்த்து சொல்லிட்டுத்தான் உக்காரணும். பாக்குறதுக்கு விநோதமா இருக்கும், ஆனா சொல்லிட்டீங்கன்னா அவங்க முகம் மலர்ந்துரும்.

தண்ணிபார்ட்டி_இல்ல

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, குடிக்காத ஆளுங்க சங்கத்துலேர்ந்து நான் ஆஜர்.

ப்ரோ ஜூஸ், தண்ணி, கோலா எத வச்சுக்கிட்டு வேணாலும் ப்ரோஸ்ட் சொல்லலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஏன் குடிக்கலன்னு கூட கேக்க மாட்டாங்க, அதுதான் எனக்கு இந்த ஊர்ல பிடிச்சதே. ரொம்ப கேட்டா "இக் பென் டெ பொப்"னு சொல்லிடுங்க, இன்னிக்கு வண்டி ஓட்டப்போறது நான்தான்னு அர்த்தம். குடிக்காம வண்டி ஓட்டுறவருக்கு இங்க "பொப்"னே பேர் வச்சுட்டாங்க, பெல்ஜியத்துல 1995ல விளம்பரமா ஆரம்பிச்சது, நெதர்லாந்துக்கு 2001ல வந்துச்சு, இப்ப சின்னப் பசங்களுக்குக் கூட தெரியும். அதச் சொன்னா மறுபேச்சே கிடையாது, கூட ரெண்டு பேர் லிஃப்ட் கேப்பாங்க அதுதான் பிரச்சனை.

பார்ல என்ன கேக்கணும்னா, பபுள்ஸ் வேணும்னா "ஸ்பா ரோட்"னு கேளுங்க, சோடாத் தண்ணி. "ஸ்பா ப்ளௌ"ன்னா சாதா தண்ணி. இது பெல்ஜியத்து கம்பெனி பேரு, பாட்டில்ல சிவப்பு நீலம் லேபிள், இப்ப எந்த கம்பெனி தண்ணியா இருந்தாலும் அப்படித்தான் கேக்குறாங்க. பாக்குறதுக்கு எல்லாரோட கிளாஸ் மாதிரியே இருக்கணும்னா "நூல் நூல்" பீர் கேளுங்க, 0.0ன்னு போட்டிருக்கும், எல்லா இடத்துலயும் கிடைக்கும். சின்னப் பசங்களுக்குன்னு "கிண்டர்ஷாம்பான்யா"னு ஒண்ணு இருக்கு, ஆல்கஹால் இல்லாத இனிப்பு சோடா ஷாம்பெயின் பாட்டில்ல வரும், நான் வெக்கமே இல்லாம அதத்தான் குடிப்பேன்.

இன்னொண்ணு, சைக்கிள்ல வர்ற ஆளுங்க நமக்கென்னன்னு நெனைக்காதீங்க. இங்க சைக்கிளுக்கும் ரத்தத்துல ஆல்கஹால் 0.5 ப்ரோமில் (ஆயிரத்துல 0.5 பங்கு) தான்னு லிமிட் உண்டு, கார் மாதிரியேதான். புதுசா லைசென்ஸ் எடுத்தவங்க கார் ஓட்டுனா 0.2 தான்.

ஆன்ட்வெர்ப்_மாமா

பெல்ஜியம் பக்கத்துலேர்ந்து ஒரு குரல். தம்பி இருக்குறது ஐந்தோவன், எல்லை தாண்டுனா நாங்கதான், கல்யாணத்துல பாதிப்பேர் எங்க ஊர்க்காரங்களா இருந்தாலும் ஆச்சரியமில்ல, அதனால இதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

எங்க பக்கம் டச்சுதான் பேசுறாங்கன்னாலும் ப்ரோஸ்ட்டை விட "சாந்தே"தான் ஜாஸ்தி காதுல விழும், பிரெஞ்சு வார்த்தை, யாரும் அதப் பத்திக் கவலைப்படுறதில்ல. ஆன்ட்வெர்ப் பக்கம் பழைய ஆளுங்க "ஸ்ஹோல்"னு சொல்லுவாங்க, பார் கவுண்டர்ல சத்தமா. "ஹெஸொன்ட்ஹெய்ட்" ரெண்டு நாட்டுலயும் செல்லும், ஆரோக்கியம்னு அர்த்தம், தும்முனாலும் அதையேதான் சொல்லுவாங்க, அதனால யாராவது தும்முன உடனே நீங்க கிளாஸைத் தூக்கிடாதீங்க. "ஒப் யெ ஹெஸொன்ட்ஹெய்ட்"னு முழுசா சொன்னா "உன் ஆரோக்கியத்துக்கு". நெதர்லாந்துல பெரியவங்களுக்கு "யெ"க்கு பதிலா "யூ" போடுவாங்க, நம்ம நீ நீங்க மாதிரி. எங்க பக்கம் கூடப் படிச்ச பயலுக்கும் அதே "யூ"தான், அதக் கேட்டு மரியாதை கொடுக்குறான்னு புல்லரிச்சுப் போயிடாதீங்க.

அப்புறம் பீருக்கு நாங்க கொடுக்குற மரியாதையே தனி. ஒவ்வொரு பிராண்டுக்கும் அதுக்குன்னு ஒரு கிளாஸ், அந்த கிளாஸ் எல்லாம் அழுக்காக் கிடந்தா வேற கிளாஸ்ல ஊத்தட்டுமான்னு வெய்ட்டர் தயங்கித் தயங்கிக் கேப்பாரு. பெல்ஜியத்து பீர் கலாச்சாரத்தை 2016ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்க. அதே ஊர்லதான் 2017லேர்ந்து பிப்ரவரி மாசம் "டூர்னே மினெரால்"னு ஒரு மாசம் குடிக்காம இருக்குறதும் நடக்குது, எல்லாருக்கும் என் செலவுல ஒரு ரவுண்டுன்னு பார்ல கத்துறதுக்கு "டூர்னே ஜெனெரால்"னு பேரு, அதக் கிண்டலடிச்சு வச்ச பேரு.

கண்ணைப் பாக்குற விஷயம், பாத்துருங்க தம்பி. பாக்கலன்னா ஏழு வருஷம் படுக்கை விஷயத்துல துரதிர்ஷ்டம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. கல்யாண வீட்ல அதுக்கு டபுள் கிண்டல் விழும்.

உத்ரெக்ட்_அக்கா

மாமா சொல்ற ஏழு வருஷக் கதை சும்மா விளையாட்டு, அதப் பெருசா எடுத்துக்காதீங்க தம்பி. ஆனா பழக்கம் உண்மைதான். யாரோட கிளாஸ் மேல உங்க கிளாஸ் படுதோ அந்த ஒரு நொடி அவங்க முகத்தைப் பாக்கணும், கிளாஸைப் பாத்துக்கிட்டே இடிச்சா அக்கறை இல்லாத மாதிரி இருக்கும். கூட்டம் பெருசுன்னா எல்லார் கூடயும் இடிக்கணும்னு அவசியம் இல்ல, கிளாஸைக் கொஞ்சம் ஒசத்தி சுத்தி ஒரு பார்வை பாத்தாப் போதும். கை மேல கை குறுக்க போட்டு இடிக்க வேண்டாம், மத்தவங்க முடிக்கட்டும்.

இத விட எனக்கு முக்கியமாப் படுறது வேற. எல்லார் கைக்கும் கிளாஸ் வர்ற வரைக்கும் குடிக்காதீங்க. ரெஸ்டாரன்ட்ல ஒருத்தரோட டிரிங்க் வர லேட்டானா மத்தவங்க எல்லாம் முன்னாடி நுரை அடங்கிப் போற பீரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. கண்ணைப் பாக்காததக் கூட மன்னிப்பாங்க, இத கவனிப்பாங்க.

குரோனிங்கன்_பையன்

ஸ்டூடன்ட் பார்ட்டில இருக்குறவன் பேசுறேன், ஒரு எச்சரிக்கை. யாராவது உங்களப் பாத்து "அட் ஃபுந்தும்"னு கத்துனா சிரிச்சுக்கிட்டே நழுவிடுங்க. கிளாஸை ஒரே மூச்சுல அடி வரைக்கும் காலி பண்ணணும்னு அர்த்தம். பாதி பேர் சுருக்கமா "அட்யா"ம்பாங்க. நீங்க டோஸ்ட்ல இத வாய் தவறிக் கூட சொல்லிடாதீங்க, அப்புறம் மாப்பிள்ளையோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் விட மாட்டாங்க, உங்க ஆப்பிள் ஜூஸையும் ஒரே மூச்சுல குடிக்க வைப்பாங்க 😂

எங்க பக்கத்துல ஃப்ரீஸ்லாந்து, அவங்க பாஷையே வேற. அங்க "ட்ஸ்யோக்"னு சொல்லுவாங்க, கடைசி எழுத்து தொண்டைலேர்ந்து வரணும். லேயுவார்டன்ல ஒரு பார்ல நான் அதச் சொன்னதும் பக்கத்துல இருந்த பெரியவர் பேரன்பர்க்னு ஒரு மூலிகை சரக்கு வாங்கிக் கொடுத்தாரு, கசாயம் மாதிரிதான் இருந்துச்சு.

யெனேவர் பத்தி யாரும் சொல்லலையே? ஜின் மாதிரி ஒரு டச்சு சரக்கு. டுலிப் பூ மாதிரி சின்ன கிளாஸ்ல விளிம்பு தாண்டி ததும்புற அளவுக்கு ஊத்துவாங்க. அதத் தூக்கி இடிச்சா பாதி சட்டைல. அதனால கிளாஸை டேபிள்லயே விட்டுட்டு, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, குனிஞ்சு மொத வாய் உறிஞ்சணும், அப்புறம்தான் தூக்கி ப்ரோஸ்ட். ஆம்ஸ்டர்டாம்ல டாம் சதுக்கத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல 1679லேர்ந்து இருக்குற விநாந்த் ஃபோக்கிங்க் கடைல பாருங்க, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வரிசையா குனிஞ்சு நிக்கிறதப் பாக்க காமெடியா இருக்கும். பழைய யெனேவர் புது யெனேவர்னு ரெண்டு இருக்கும், அது எவ்ளோ வருஷம் ஊறுச்சுங்குறதப் பத்தி இல்ல, செய்யுற முறை வேற, பழசுல மால்ட் ஒயின் (தானியத்துலேர்ந்து வடிக்கிற சரக்கு) ஜாஸ்தி. அதையும் பீரையும் சேத்து வாங்குனா "கோப்ஸ்டோட்", தலையால முட்டுறதுன்னு பேரு வச்சிருக்காங்க, காலைல எந்திரிக்கும்போது பேர்க்காரணம் புரியும்.

ஐந்தோவன்_புதுசு

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ விஷயம் இருக்கும்னு நெனைக்கவே இல்ல. கார்டைப் பாத்தேன், அக்கா சொன்ன மாதிரியே கீழ ஒரு மெயில் ஐடி இருக்கு, எழுதிட்டேன். அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன கவர் படமும் போட்டிருக்கு, அது என்ன? அப்புறம் இன்னும் ரெண்டு டவுட். அந்த "ஹ்" சத்தம் காறித் துப்புற மாதிரி சொல்லணுமா? நான் வீட்ல பிராக்டிஸ் பண்ணா பொண்டாட்டி இருமல் மருந்து எடுத்துட்டு வர்றா. ரெண்டாவது, நான் "ப்ரோஸ்ட், ஒப் யெ"ன்னு சுருக்கமா முடிச்சுக்கலாமா? சாப்பாட்டுல ஏதாவது பாத்து எடுக்கணுமா, நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன்.

பிராபான்ட்_மருமகள்

நான் டச்சுக்காரரைக் கட்டிக்கிட்டு ஐந்தோவன் பக்கத்துலயே இருக்கேன், இது எங்க ஏரியா சமாச்சாரம்ங்குறதால நான் சொல்றேன்.

அந்த ஹ்: காறவே வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் பக்கம்தான் தொண்டையக் கீறுற மாதிரி சொல்லுவாங்க. தெக்க இருக்குற எங்க பிராபான்ட், லிம்பர்க் எல்லாம் மெதுவான சத்தம், "ஸாஹ்தெ கே"ன்னு அதுக்குப் பேரே இருக்கு. நம்ம "ஹ"வை வாய்க்குள்ள கொஞ்சம் உரசி விட்டாப் போதும், நம்ம ஆளுங்களுக்கு இது ஈஸி. என் மாமியார் நான் பேசுறதக் கேட்டுட்டு இது நம்ம ஊர் வாய்னு சொல்லுவாங்க. வீட்ல இருமல் மருந்தைத் திருப்பி வச்சிரச் சொல்லுங்க.

"ஒப் யெ" வேண்டாம், அது ஒருத்தருக்குச் சொல்றது. நிக்கிறது ரெண்டு பேரு, அதனால "ஒப் யூலி"தான்.

கவர் படம் போட்டிருந்தா பரிசா பொருள் வேண்டாம், கவர்ல பணமாக் கொடுங்கன்னு அர்த்தம். நம்ம ஊர் மொய்தான், எழுதி வைக்க நோட்டு மட்டும் இல்ல. டீம்ல எல்லாரும் சேத்து ஒரே கவரா போட்டு, மேல ஒரு வாழ்த்து அட்டையில எல்லார் பேரும் எழுதிடுங்க. ஹால் வாசல் பக்கம் ஒரு பெட்டி வச்சிருப்பாங்க, அதுல போடணும், கையில திணிக்கக் கூடாது.

சாப்பாடுன்னா சாயங்கால பார்ட்டில தட்டுல சுத்தி வர்றது எண்ணெய்ல பொரிச்ச ஐட்டம்தான். உருண்டையா வர்ற பிட்டர்பாலன்ல உள்ள பெரும்பாலும் மாட்டுக்கறி, அதத் தொடாதீங்க. நீளமா இருக்குற "காஸ்ஸ்டெங்கல்" சீஸ் ரோல், அத எடுக்கலாம். ரெண்டுமே உள்ள கொதிக்கும், எல்லாரும் வாயத் திறந்து ஊதிக்கிட்டே பேசுறதப் பாப்பீங்க. சந்தேகமா இருந்தா தட்டு கொண்டு வர்றவங்ககிட்ட கேளுங்க, தெளிவாச் சொல்லுவாங்க. முன்னாடியே சேரமோனிமேஸ்டருக்கு எழுதற மெயில்லயும் ஒரு வரி போட்டிருக்கலாம், பரவால்ல பதில் வரும்போது கேட்டுக்கோங்க.

இன்னொரு விஷயம், எங்க ஊர்க் கல்யாணத்துல நேரம் ஆக ஆக கார்னிவல்னு எங்க பக்கத்துத் திருவிழாவோட பாட்டு போட ஆரம்பிச்சிருவாங்க. அப்போ கிளாஸைத் தூக்கி "அலாஃப்!"னு கத்துவாங்க. பயப்படாம நீங்களும் கத்துங்க. கார்னிவலப்போ ஐந்தோவனுக்கே "லாம்பெஹாட்"னு பேரு மாத்திருவாங்க, லைட் பல்பு செஞ்ச ஊருல்ல. ஆனா கூட்டத்துல டென் போஸ் ஊர்க்காரங்க இருந்தா அவங்ககிட்ட மட்டும் அலாஃப் வேண்டாம், அந்த ஊர்ல அதச் சொல்ற வழக்கமே கிடையாது, சொன்னா வெளியூர்க்காரன்னு ஒரு பார்வை பாப்பாங்க. அது எங்களுக்குள்ள இருக்குற பங்காளிச் சண்டை.

தண்ணிபார்ட்டி_இல்ல

மருமகள் அக்கா நூத்துக்கு நூறு. ப்ரோ ஒண்ணு மட்டும், டோஸ்டுக்கு முன்னாடியே ஜூஸ் கிளாஸைக் கையில வாங்கி வச்சுக்கோங்க. மைக் முன்னாடி வெறுங்கையோட நின்னா எவனாவது அன்பா ஒரு பீரத் திணிச்சுருவான், அத வச்சுக்கிட்டு குடிக்கவும் முடியாது கீழ வைக்கவும் முடியாது.

ஐந்தோவன்_புதுசு

சேரமோனிமேஸ்டர்கிட்டேர்ந்து பதில் வந்துருச்சு, மாப்பிள்ளையோட தங்கச்சியாம். ராத்திரி ஒன்பதரைக்கு, மொத டான்ஸ் முடிஞ்ச உடனே, ரெண்டு நிமிஷம் கொடுத்திருக்காங்க. சாப்பாடும் கேட்டுட்டேன், சைவத் தட்டு தனியா வருமாம். அக்கா எழுதிக் கொடுத்தத அப்படியே சொல்லப் போறேன், கடைசில "ஒப் யூலி". முன்னாடி ஒரு ஜோக் சேக்கலாமான்னு யோசிக்கிறேன், மாப்பிள்ளை தினமும் மத்தியானம் ரெண்டு ரொட்டி நடுவுல சீஸ் வச்சு அதையேதான் சாப்பிடுவான், அத வச்சு.

உத்ரெக்ட்_அக்கா

தாராளமா சேருங்க, அதுக்குத்தான் ஜாஸ்தி சிரிப்பாங்க. பொண்ணைப் பத்தி ஜோக் வேண்டாம், உங்களுக்கு அந்தப் பொண்ணைத் தெரியாதுல்ல. ஜோக்கை இங்கிலீஷ்ல சொல்லிட்டு வாழ்த்தை டச்சுல முடிங்க.